காதுக்கு எழுதும் சிலேடை

வசனம் எழுத வந்திருக்கும் நண்பர்களே, வணக்கம்.

சொல் உடையாமலே பல பொருள் தந்தால் செம்மொழிச் சிலேடை, வேறு வேறாகப் பிரித்துப் பொருள் கொண்டால் பிரிமொழிச் சிலேடை என்கிறது அணி இலக்கண நூலான தண்டியலங்காரம். காளமேகம் 'ஆடிக் குடத்தடையும்' என்று தொடங்கி, பாம்பையும் எள்ளையும் ஒரே வெண்பாவில் அடைத்தார். வெண்பாவைத் திரும்பப் படிக்கலாம். தியேட்டரில் வசனம் ஒரு தடவைதான் காதில் விழும்; அதற்குள் இரண்டு பொருளும் பிடிபட்டாக வேண்டும்.

ஒரு டீக்கடைக் காட்சி. "டீ அஞ்சாண்ணே, ஆறாண்ணே?" என்கிறான் பையன். "நீ நின்னு பேசிக்கிட்டே இருந்தா ஆறும்டா!" என்கிறார் முதலாளி. எண் முதலிலேயே காதில் ஏறிவிட்டது; பதிலில் வருவது வினை. 'ஆறும்' என்ற உருவம் இரண்டுக்கும் பொது. பேச்சுவழக்கு வேண்டும் என்று 'ஆறிப்போயிடும்' என மாற்றிப் பாருங்கள். அர்த்தம் இருக்கும், சிரிப்பு இருக்காது.

வேற்றுமை உருபிடம் உஷாராக இருங்கள். நதி 'ஆத்துல' ஆகும், எண் 'ஆறுல' ஆகும். உருபு ஒட்டியதுமே ஜோடி பிரிந்துவிடும். 'ஓடு' இதற்கு நேர்மாறு, உருபு ஏற்றால்தான் வேலை செய்யும். "வீட்டு ஓட்டை மாத்தணும்." "எதுக்கு மாத்தணும்? அடைச்சாப் போதாதா?"

அடுத்தது உச்சரிப்பு. 'முகத்துல பாவம் தெரியுது' என்பது காகிதத்தில் அருமையான சிலேடை. டப்பிங்கில் செத்துவிடும்: இரக்கத்துக்குரிய பாவத்தில் வல்லொலி (pa), நடிப்பின் பாவத்தில் மெல்லொலி (bha). எழுத்து ஒன்று, ஒலி இரண்டு. 'வாழை', 'வாளை' கதை வேறு. எழுத்து இரண்டு, ஆனால் சென்னைப் பேச்சில் பலருக்கு ஒலி ஒன்றுதான். அங்கே டப்பிங் கலைஞர் ழகரத்தைச் சுத்தமாகச் சொன்னால் ஜோக் போச்சு! ஸ்கிரிப்ட் ஓரத்தில் குறித்துக் கொடுத்துவிடுங்கள்.

குளோஸப் காட்சிக்கு டப்பிங்கில் சொல்லை மாற்ற நேர்ந்தால், உதடு மூடும் இடத்தில் ப, ம வருகிறதா பாருங்கள். 'ஆறும்' என்பதில் கடைசியில் உதடு மூடும். 'ஆறுது' அங்கே ஒட்டாது. சிலேடை முடிந்த கையோடு கதைக்குத் தேவையான தகவலை வைக்காதீர்கள், சிரிப்புச் சத்தத்தில் அமுங்கிவிடும்.

டபுள் மீனிங் பற்றியும் ஒரு வார்த்தை. கீழ்த்தர உணர்வைத் தூண்டும் இருபொருள் சொற்களைத் தணிக்கை வழிகாட்டுதல்கள் (1991) தனியாகவே பெயர் சொல்லித் தடுக்கின்றன. அந்த ஒரு சொல்லை மட்டும் மியூட் செய்து சமாளிப்பவர்கள் உண்டு. பாதி வேளை அது வினையாகிறது. விட்ட இடத்தை அரங்கம் நிரப்பிக்கொள்ளும், எழுதியதைவிட மோசமாக.