‘நெட் வரலை’ என்றால் எது வரலை?

நேயர்களுக்கு வணக்கம்.

நான் ஒரு சிறிய ஊரில் தட்டச்சுப் பயிலகம் நடத்துகிறேன். ஒரு காலத்தில் ஃபேசிட்டும் ரெமிங்டனும் தெருமுனை வரைக்கும் கேட்கிற மாதிரி தடதடத்த அறை. இப்போது அதில் பாதிக்கு மேல் கணினிகள். சனிக்கிழமை மத்தியானம் அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கென்று ஒரு வகுப்பு வைத்திருக்கிறேன். அதற்கு வருகிற அம்மா ஒருவர் ஒருநாள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டார். "மூணு நாளா வீட்டுல நெட் வரலை டீச்சர். பெங்களூர்ல இருக்கிற பையன்கிட்ட சொன்னா ‘எது வரலைம்மா’ன்னு கேக்குறான். நெட்டுதான்டா வரலைன்னா கத்துறான்."

பையன் கேட்டது சரியான கேள்வி. அம்மா சொன்னதும் பொய்யில்லை. கணினிச் சொற்களுக்கு அர்த்தம் சொல்லிக் கொடுத்தால் எல்லாரும் தலையாட்டுகிறார்கள், மறுவாரம் மறந்துவிடுகிறார்கள். அதனால் நான் இப்போது அர்த்தத்தை இரண்டாவதாக வைத்துக்கொண்டு, ‘அது எங்கே இருக்கிறது’ என்று முதலில் கேட்கச் சொல்கிறேன். கையில் இருக்கிறதா, வீட்டில் இருக்கிறதா, வெளியில் எங்கோ இருக்கிறதா? இந்தப் பேச்சிலும் அதே வழியில் போகிறேன்.

முதலில் கையில் இருப்பது. போன் வாங்கப் போனால் கடைக்காரர் "4 ஜிபி, 64 ஜிபி" என்று இரண்டு எண் சொல்வார். இரண்டையுமே நாம் ‘மெமரி’ என்று சொல்லிக் குழப்பிக்கொள்கிறோம். ஒரு தையற்கடையை நினைத்துக்கொள்ளுங்கள். துணியை விரித்து வெட்டுகிற மேசை ஒன்று, சுவரோரமாகத் துணி அடுக்கிவைக்கிற பீரோ ஒன்று. 4 ஜிபி என்பது மேசை. அதன் பெயர் ரேம். 64 ஜிபி என்பது பீரோ. அதுதான் சேமிப்பகம், ஸ்டோரேஜ். வேலை நடப்பதெல்லாம் மேசையில். ஒரே நேரத்தில் நாலைந்து துணியை விரித்தால் தையற்காரர் தடுமாறுவார், போனும் அப்படித்தான் திணறும். கணினியில் கரண்ட் போனால் மேசையில் இருந்தது போய்விடும், பீரோவில் இருப்பது அப்படியே இருக்கும். ‘சேவ்’ செய்வது என்றால் மேசையில் இருப்பதை எடுத்து பீரோவில் வைப்பது, அவ்வளவுதான்.

போன் மெதுவாக ஓடுகிறதென்று பேரன் போட்டோவையெல்லாம் அழித்துவிட்டு வருத்தத்தோடு வருகிறவர்கள் உண்டு. பீரோவைக் காலி செய்தால் மேசை பெரிதாகாது. பீரோ கதவு மூட முடியாத அளவுக்கு நிரம்பியிருந்தால் மட்டும் கொஞ்சம் பலன் கிடைக்கும்.

வன்பொருள், மென்பொருள் என்ற சொற்களில் அதிகம் நிற்க வேண்டாம். கையால் தொட முடிந்தது வன்பொருள். அதை இயக்குகிற கட்டளைத் தொகுப்பு மென்பொருள். ஆனால் ‘செயலி’ என்ற சொல்லில் நாமே ஒரு வம்பை உண்டாக்கிவைத்திருக்கிறோம். கணினியின் மூளை என்று சொல்கிற பிராசசருக்கும் செயலி என்றே எழுதுகிறார்கள், போனில் ஏற்றிக்கொள்கிற ஆப்புக்கும் செயலி என்றே எழுதுகிறார்கள். செய்தித்தாளில் ‘புதிய செயலி அறிமுகம்’ என்று வந்தால் முழுச் செய்தியையும் படித்தால்தான் எது என்று தெரியும். வகுப்பில் நான் ஆப் என்றும் பிராசசர் என்றும்தான் சொல்கிறேன். தமிழ்ப் பற்றாளர்கள் மன்னிக்க வேண்டும்.

இந்த ஜிபி, எம்பி எல்லாம் அளவுகள். அடியில் இருப்பது பிட். ஒன்று அல்லது பூஜ்யம், விளக்கு எரிகிறது அல்லது எரியவில்லை என்கிற மாதிரி. எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். சாதாரண ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் போதும். தமிழுக்கு? ‘அம்மா’ என்று தட்டுங்கள். பார்க்க மூன்று எழுத்து. கணினிக்கு அது அ, ம, ஒரு புள்ளி, இன்னொரு ம, ஒரு துணைக்கால் என்று ஐந்து குறியீடு. எல்லா மொழி எழுத்துக்கும் எண் கொடுக்கிற யூனிகோடில் இன்று வழக்கமாகச் சேமிக்கிற முறையில் ஒவ்வொன்றுக்கும் 3 பைட். ஆக அம்மாவுக்கு 15 பைட். தமிழ்த் தட்டச்சு படித்தவர்களுக்கு இதில் வியப்பில்லை, புள்ளிக்கென்று தனிக் கட்டையை அழுத்திய விரல்கள்தானே. இதனால் ஒரு சிறு நஷ்டமும் உண்டு. ஆங்கிலத்தில் ஒரு எஸ்.எம்.எஸ்.ஸுக்கு 160 எழுத்து, தமிழில் 70 குறியீடுதான். அதே பொங்கல் வாழ்த்து ஆங்கிலத்தில் ஒரு செய்தியாகப் போகும், தமிழில் இரண்டாகப் போகும்.

பிட்டையும் பைட்டையும் பிரித்துத் தெரிந்துகொள்வதில் பணக் கணக்கும் இருக்கிறது. இணைப்பு கொடுக்க வருகிறவர் "40 எம்பி ஸ்பீடு" என்பார். அது மெகாபிட், பைட் இல்லை. எட்டால் வகுத்தால் நொடிக்கு 5 மெகாபைட். 1 ஜிபி, அதாவது சுமார் ஆயிரம் மெகாபைட் உள்ள படத்தை இறக்க மூன்று நிமிடத்துக்கு மேல் ஆகும். ஏமாற்று என்று சொல்ல மாட்டேன், பெரிய எண்ணை முன்னால் வைக்கிறார்கள்.

சரி, கையை விட்டு வீட்டுக்குள் வருவோம். மூலையில் விளக்கு மினுக்குகிற பெட்டி ஒன்று இருக்குமே, அதுதான் ரௌட்டர். தமிழில் திசைவி. வெளியிலிருந்து வருகிற ஒரே லைனை வீட்டிலுள்ள போன், டிவி, கணினி எல்லாவற்றுக்கும் பிரித்துக் கொடுப்பது அதன் வேலை. அந்தப் பெட்டியிலிருந்து உங்கள் போன் வரைக்கும் கம்பியில்லாமல் வருவது வைஃபை. இந்தப் பேச்சு உங்கள் வானொலிப் பெட்டிக்கு வருகிறதே, அதே இனத்து அலைதான் அதுவும். வெகு குறைந்த தூரம் போகிற வானொலி என்று வைத்துக்கொள்ளலாம். ‘அருகலை’ என்று யாரோ அழகாகத் தமிழாக்கியிருக்கிறார்கள். வைஃபை என்ற பெயருக்கோ விரிவாக்கம் எதுவும் கிடையாது, 1999-ல் விற்பனைக்காக யோசித்து வைத்த பெயர்.

இங்கேதான் எங்கள் அம்மா மாட்டிக்கொண்டார். போனில் வைஃபைக்கான விசிறி மாதிரிக் குறி முழுசாகக் காட்டுகிறது, ஆனால் ஒன்றும் திறக்கவில்லை. அந்த விசிறி சொல்வது போனுக்கும் பெட்டிக்கும் நடுவே உள்ள உறவை மட்டும். பெட்டிக்கு அப்பால் என்ன நடக்கிறது என்று அதற்குத் தெரியாது. மேல்தொட்டியில் தண்ணீர் இல்லாவிட்டாலும் குழாய் நன்றாகத்தான் திருகும்.

பெட்டிக்கு அப்பால் கண்ணாடி இழைக் கம்பி. தெருக் கம்பத்தில் தொங்கி, நிறுவனத்தின் அலுவலகத்துக்குப் போய், அங்கிருந்து ஊர் ஊராகக் கடந்து கடலுக்குள் இறங்குகிறது. இணையம் செயற்கைக்கோளிலிருந்து வருகிறது என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நாடுகளுக்கு இடையே போகிற தகவலில் பெரும்பகுதி கடலடிக் கம்பியில்தான் போகிறது. இந்தியாவில் அப்படிக் கம்பிகள் கரையேறுகிற முக்கியமான இடங்களில் சென்னையும் ஒன்று. 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து அந்தமானுக்குச் சுமார் 2,300 கிலோமீட்டர் கம்பி இழுத்து முடித்தார்கள். அதுவரைக்கும் அந்தமான்காரர்கள் உண்மையிலேயே செயற்கைக்கோளை நம்பி இருந்தவர்கள், மெதுவான இணைப்போடு. 2008 ஜனவரியில் எகிப்தின் அலெக்சாண்டிரியா பக்கம் கடலுக்குள் கம்பி அறுந்தபோது இந்தியாவில் இணையம் தள்ளாடியது.

கம்பியின் அந்த முனையில் இருப்பது சர்வர், வழங்கி. பெயருக்குப் பயப்பட வேண்டாம். கேட்டதை எடுத்துக் கொடுப்பதற்காகவே எப்போதும் விழித்திருக்கிற இன்னொரு கணினி. பிளஸ் டூ ரிசல்ட் வருகிற காலையில் தளம் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தால் உங்கள் நெட்டில் கோளாறு இல்லை. ஒரே ஜன்னலில் அத்தனை பேர் கை நீட்டுகிறார்கள்.

இந்தக் கம்பி, கணினி, விதிமுறை எல்லாம் சேர்ந்ததுதான் இணையம். வலை, அதாவது வெப், அதில் ஓடுகிற ஒரு சேவை. இணையம் சாலை என்றால் வலை அதில் ஓடும் பஸ். மின்னஞ்சல், வாட்ஸ்அப் அழைப்பு எல்லாம் அதே சாலையில் போகிற வேறு வண்டிகள். வலையை 1989-ல் டிம் பெர்னர்ஸ் லீ என்பவர் ஜெனீவா பக்கத்திலுள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் முன்மொழிந்தார். 1993-ல் செர்ன் அதை யார் வேண்டுமானாலும் காசில்லாமல் பயன்படுத்தலாம் என்று விட்டுவிட்டது. வலைப்பக்கத்தைத் திறக்கிற மென்பொருள் உலாவி: குரோம், ஃபயர்பாக்ஸ் மாதிரி. பக்கம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்துத் தருவது தேடுபொறி: கூகுள் மாதிரி. முன்னது உங்கள் கையில் இருக்கிறது, பின்னது வெளியில் இருக்கிறது.

எங்கள் வகுப்பில் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் உண்டு. முகவரி பாடம் நடத்தும்போது எனக்கே அவர்தான் வாத்தியார். ஒவ்வொரு கணினிக்கும் எண்களால் ஆன ஐ.பி. முகவரி இருக்கிறது, அதை மனிதர்களால் ஞாபகம் வைக்க முடியாது, அதனால் பெயர் வைத்து அந்தப் பெயருக்கு எண்ணைத் தேடிக் கொடுக்கிற டி.என்.எஸ். என்ற ஏற்பாட்டை 1983-ல் செய்தார்கள் என்றேன். "பின்கோடு மாதிரியா?" என்றார். கிட்டத்தட்ட என்றேன். அப்புறம் அவரே ஒரு விஷயம் சொன்னார்: பின்கோடு வந்தது 1972 ஆகஸ்ட் 15. இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையம் வந்தது 1995 ஆகஸ்ட் 15, அப்போது வி.எஸ்.என்.எல். என்ற அரசு நிறுவனம் கொடுத்தது. இரண்டும் சுதந்திர தினத்தில்!

அவரிடம் நான் கற்றது இன்னொன்று. தபால் பிரிக்கிறவர்கள் முகவரியைக் கீழிருந்து மேலே படிப்பார்களாம். முதலில் பின்கோடு, பிறகு ஊர், தெரு, கடைசியில்தான் ஆள் பெயர். வலைத்தள முகவரியையும் அப்படித்தான் படிக்க வேண்டும், வலதுபக்கத்திலிருந்து. ஆரம்பத்தில் ‘எச்டிடிபிஎஸ்’ஸை ஒட்டி வருகிற இரட்டைச் சாய்கோட்டை விட்டுவிடுங்கள், அதற்கு அடுத்த முதல் சாய்கோட்டுக்கு முன்னால் கடைசியாக என்ன இருக்கிறது என்று பாருங்கள். அது ‘ஜிஓவி டாட் இன்’ என்று முடிந்தால் அரசுத் தளம். அதே ஜிஓவி டாட் இன் நடுவில் இருந்து, அதற்குப் பின்னால் வேறு ஏதோ பெயரும் டாட் காமும் இருந்தால் அது வேறு யாருடைய வீடோ. "ஊர் பேரை ஆள் பேர் மாதிரி போட்டு ஏமாத்துறான்" என்றார் தபால்காரர். ரேஷன் கார்டு, கேஸ் மானியம் என்று வருகிற போலி இணைப்புகள் பலவற்றை அவர் இப்போது ஒரு பார்வையில் பிடித்துவிடுகிறார். சில உலாவிகளில் முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுப் படம் இருக்கிறதே என்பீர்கள். வழியில் யாரும் பிரித்துப் படிக்க முடியாது என்றுதான் பூட்டு சொல்கிறது. போய்ச் சேருகிற இடத்தில் இருப்பவன் நல்லவன் என்று அது சொல்லவில்லை.

மின்னஞ்சல் முகவரியில் வருகிற அந்தச் சுழிக்கு நம் ஊரில் ‘அட் தி ரேட்’ என்று பெயர். இங்கிலாந்து, அமெரிக்காவில் ‘அட்’ என்று மட்டும் சொல்கிறார்கள். நமக்கு அது கணக்குப்பிள்ளை வழியாக வந்தது: பத்து மூட்டை, மூட்டை ஐம்பது ரூபாய் வீதம் என்று பில் அடிக்கும்போது அந்தச் சுழியைத்தான் போடுவோம். 1971-ல் ரே டாம்லின்சன் என்பவர் ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குச் செய்தி அனுப்ப வழி செய்தபோது, ஆள் பெயரையும் கணினிப் பெயரையும் பிரிக்க அதை எடுத்தார். யாருடைய பெயரிலும் அந்தச் சுழி வராது என்பது ஒரு வசதி. ‘சிசி’ என்பது கார்பன் காப்பி. என் அறையில் கறுப்புத்தாள் வைத்து மூன்று பிரதி அடித்தவர்களுக்கு நான் இதை விளக்க வேண்டியிருக்கவில்லை.

மேகம், அதாவது கிளவுட். உங்கள் போட்டோ ஏதோ ஒரு நிறுவனத்தின் கணினிகளில் இருக்கிறது என்பதற்கு வைத்த கவிதையான பெயர். கூகுள் கணக்கில் இலவசமாகக் கிடைப்பது 15 ஜிபி. மின்னஞ்சல், கோப்பு, போட்டோ மூன்றுக்கும் சேர்த்து அவ்வளவுதான். போட்டோவால் அது நிரம்பினால் மின்னஞ்சல் வருவதும் நின்றுபோகும். இதைவிட முக்கியமானது ‘சிங்க்’ என்ற சொல். போனும் மேகமும் ஒன்றையொன்று பார்த்து ஒரே மாதிரி வைத்துக்கொள்வது சிங்க். அப்படி இருக்கும்போது போனில் அழித்தால் மேகத்திலும் அழியும். பத்திரமாக இருக்கிறது என்று நம்பி அழித்தவர்கள் உண்டு. குப்பைத்தொட்டி என்ற பகுதியில் கொஞ்ச நாள் இருக்கும், சீக்கிரம் பார்த்தால் மீட்கலாம்.

ஓ.டி.பி.யைப் பற்றி வங்கிகளே தினமும் சொல்கின்றன, யாருக்கும் சொல்லாதீர்கள். ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். கணக்கில் இருப்பு எவ்வளவு என்று நீங்களே பார்க்கிற மாதிரி நேரம் போக, யு.பி.ஐ.யில் பின் எண் கேட்கிறது என்றால் உங்கள் பணம் வெளியே போகப்போகிறது. பணம் வாங்குவதற்குப் பின் எண் வேண்டவே வேண்டாம். தவறு நடந்துவிட்டால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை உடனே கூப்பிடுங்கள். மகனிடம் சொல்ல வெட்கப்பட்டு இரண்டு நாள் கழிப்பதற்குள் பணம் பல கணக்கு தாண்டிவிடும்.

அந்த அம்மாவுக்கு நான் ஒரு காகிதத்தில் மூன்று வரி எழுதிக் கொடுத்தேன். போனில் விசிறி இருக்கிறதா? பெட்டியில் ‘எல்.ஓ.எஸ்.’ என்று எழுதிய விளக்கு சிவப்பாக எரிகிறதா? பக்கத்து வீட்டில் வருகிறதா? அந்த எல்.ஓ.எஸ். சிவப்பாக எரிந்தால் வெளியிலிருந்து ஒளி வந்து சேரவில்லை, கம்பியில் கோளாறு. அன்று சாயங்காலமே அவர் இணைப்பு கொடுத்த ஆளுக்குப் போன் போட்டிருக்கிறார். "தம்பி, வைஃபை நல்லாத்தான் இருக்கு. பெட்டியில சிவப்பு எரியுது, உங்க லைன்தான் வரலை" என்று. ‘நெட் வரலை’ என்று மூன்று நாள் சொன்னபோது "ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்கம்மா" என்றவன், மறுநாள் காலையில் ஏணியோடு வந்துவிட்டான். கொல்லைப்புறத்துத் தென்னை மரத்தை ஒட்டிப் போன கம்பியை அணில் கடித்துவைத்திருந்ததாம்.

வணக்கம்.