வைக்கோல் தின்னும் செம்மறிக்கு குருணை போடாதீங்க! வேற என்ன போடணும், எவ்வளவு போடணும்?

வணக்கம் மக்களே. இன்னிக்கு கொஞ்சம் கடுப்பாத்தான் பேசப் போறேன். போன வீடியோல வைக்கோல் கட்டு அடுக்குறதைக் காட்டினேன்ல, அதுக்குக் கீழ பாதிப் பேர் ஒரே யோசனைதான் எழுதியிருக்கீங்க. "வைக்கோலோட அரை கிலோ குருணை போடுங்கண்ணே, ஆடு தேறிடும்." யாருங்க இதைக் கிளப்பி விட்டது? நம்ம பக்கம் அறுப்பு முடிஞ்சா வீட்டுல குருணை கிடக்கும், முகூர்த்த நாள்ல மண்டபத்துல சோறு மிஞ்சும். இருக்குதேன்னு ஆட்டுக்குக் கொட்டிடறது. பழக்கமில்லாத செம்மறி அரை கிலோ குருணையைத் தின்னா ரெண்டே நாள்ல படுத்துடும், மக்களே.

ஏன்னு கேளுங்க. ஆட்டோட பெரிய வயித்துல இருக்குற நுண்ணுயிருங்கதான் வைக்கோலை உடைக்குது. அதுங்க பெருகணும்னா தீவனத்துல 7 சதவீதமாவது புரதம் வேணும். நெல்லு வைக்கோல்ல 3, மிஞ்சினா 4 சதவீதம். புரதம் பத்தலைன்னா வைக்கோல் உடையாம அப்படியே உள்ள கிடக்கும். வயிறு காலியாகாததால ஆடு மேல தின்னாது. வயிறு தொங்கும், முதுகைத் தடவினா எலும்பு குத்தும். இந்த நிலையில குருணையைப் போட்டா, அந்த மாவுச்சத்து வேகமாப் புளிச்சு அமிலமாகுது. நார் உடைக்கிற நுண்ணுயிர் அதுலயே முடங்கிடும். தீனி போட்டும் வைக்கோல் செரிமானம் இன்னும் குறையும்! அளவு மீறினா கழிச்சல், வயிறு உப்புசம். துள்ளுமாரிங்கிற குடல் நச்சு நோய் கிளம்புறதும் இந்த மாதிரி சமயத்துலதான். அதனால முதல்ல புரதம், அப்புறம்தான் மாவுச்சத்து.

கணக்கு போடுவோம். 30 கிலோ பெட்டை ஆடு. வெறும் வைக்கோல்னா ஒரு நாளைக்கு 600 கிராம் தின்னுது, அதுல புரதம் 24 கிராம். சும்மா உடம்பைக் காப்பாத்திக்கவே 60 கிராம் பக்கம் வேணும். இடிக்கிறது 36 கிராம். கடலைப் புண்ணாக்கு 100 கிராம் போட்டா அதுல 40 கிராம் வந்துடுது. வெறும் 100 கிராம்தாங்க, ரெண்டு கை நிறைய வராது. அது உள்ள போனதும் வைக்கோல் தின்கிற அளவும் கூடும். நான் விரும்புறதே இதைத்தான்.

விலைக்கு வருவோம். இங்க நான் நிறைய நேரம் எடுப்பேன், ஓட்டிப் பாக்காதீங்க. தேங்காய்ப் புண்ணாக்கு மலிவுன்னு சொல்றவங்களுக்காக. கடலைப் புண்ணாக்கு கிலோ 60 ரூபாய்னு வைங்க, புரதம் 40 சதவீதம். ஒரு கிலோ புரதம் 150 ரூபாய்க்கு வருது. தேங்காய்ப் புண்ணாக்கு 36 ரூபாய்னு வைங்க, புரதம் 20 சதவீதம். ஒரு கிலோ புரதம் 180 ரூபாய்! எது மலிவு? மூட்டை விலையைப் பாக்காதீங்க, புரதத்தோட விலையைப் பாருங்க. உங்க ஊர் விலையைப் போட்டு நீங்களே வகுத்துக்குங்க. உளுந்து பொட்டு, அதாவது உளுந்து உடைக்கும்போது வர்ற தோலும் நொறுங்கலும், நல்ல விலைக்குக் கிடைச்சா அதையும் இதே கணக்குல வைங்க.

காசில்லாம கிடைக்கிறதை விட்டுட்டேன் பாருங்க. சம்பா, தாளடி அறுப்புக்கு முன்னாடி தெளிச்ச உளுந்து சித்திரை வாக்குல கையில வருது. அடிச்ச பிறகு மிஞ்சுற கொடியைக் களத்தோரம் கொளுத்துறாங்க. எனக்கு வயிறு எரியுது! அதுல வைக்கோலை விட ரெண்டு மடங்குக்கு மேல புரதம். நனையாம போர் போட்டு வச்சு, வைக்கோலோட பாதிக்குப் பாதி கலந்து குடுங்க. அப்புறம் அகத்தி. கும்பகோணம், திருவையாறு பக்கம் வெற்றிலைக் கொடிக்கால்ல அகத்திக் கிளையை வெட்டிக் கழிப்பாங்க, சொல்லி வச்சு வாங்குங்க. பச்சை இலை ஒரு கிலோன்னா 50 கிராம் புரதம் தாராளம். ஒரு மணி நேரம் வாட விட்டு, கட்டித் தொங்க விடுங்க, தரையில போட்டா மிதிச்சுப் பாழாக்கும். சூபாபுல் (சவுண்டல்) மரத்து இலை போடுறவங்க மொத்தத் தீனியில மூணுல ஒரு பங்குக்கு மேல போகாதீங்க, மயிர் கொட்டும்.

அடுத்தது யூரியா வைக்கோல், அதாவது உரக்கடை யூரியாவைக் கரைச்சுத் தெளிச்சு மூடி வச்ச வைக்கோல். இதுலதான் எனக்கு ஏக சந்தோஷம், கூடவே ஒரு எரிச்சல். 45 கிலோ யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசு. 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ போதும், அதாவது 24 ரூபாய். ஆடு ஒரு நாளைக்கு 750 கிராம் தின்னா யூரியா செலவு 18 காசு. 18 காசு மக்களே! 100 கிராம் கடலைப் புண்ணாக்கு 6 ரூபாய். எரிச்சல் என்னன்னா, சில கடையில ஒரு மூட்டை யூரியா கேட்டா கூடவே நாம கேக்காத டப்பா ஒண்ணைத் தலையில கட்டுறாங்க. அந்த டப்பா விலையைச் சேர்த்தா என் 18 காசு கணக்கு என்னாவுறது? வேண்டாம்னு நின்னு பேசுங்க, பில் கேளுங்க.

சரி, செய்முறை. 50 லிட்டர் தண்ணியில 4 கிலோ யூரியாவை முழுசாக் கரைங்க. அடியில தார்ப்பாய், அதுமேல 20 கிலோ வைக்கோலைப் பிரிச்சுப் பரப்பி, பூவாளியால 10 லிட்டர் சீரா தெளிச்சு, நல்லா மிதிங்க. இப்படி அஞ்சு அடுக்கு. காத்து புகாம மூடி, ஓரமெல்லாம் மண் அணைச்சு 21 நாள் விடுங்க, இதுதான் மூட்டம். பிரிக்கும்போது பழுப்பு மஞ்சளா இருந்து, மூக்கைத் துளைக்கிற நெடி அடிச்சா சரி. கறுப்பா, பூஞ்சையா இருந்தா மூட்டம் ஒழுகியிருக்கு, அந்த இடத்தை எடுத்து எருக்குழியில போடுங்க. அன்னன்னைக்கு வேண்டியதை மட்டும் உருவி, ரெண்டு மணி நேரம் நெடி போக உலர்த்திட்டு வைங்க. முதல் நாள் கால்வாசி, 10 நாள்ல முழுசு. ஆறு மாசத்துக்குக் கீழ உள்ள குட்டிக்குக் கிடையாது. பட்டினி கிடந்த ஆட்டுக்கும் எடுத்த எடுப்புல கூடாது. இதுல புரதம் 7, 8 சதவீதத்துக்கு ஏறும், ஆனா அது நிஜப் புரதம் இல்ல, நுண்ணுயிர் பயன்படுத்திக்க கொஞ்சம் மாவுச்சத்தும் வேணும். ஆட்டுக்கு 100 கிராம் தவிடு சேருங்க. தவிடுதான், குருணை இல்ல!

யூரியாவைக் குடிதண்ணியில கரைச்சு வைக்கிற வேலை வேண்டவே வேண்டாம். அரை மணி நேரத்துல நுரை தள்ளி, நடுங்கி விழும். உடனே வினிகரும் குளிர்ந்த தண்ணியும் சரிபாதியா அரை லிட்டர் மெதுவா ஊத்திக்கிட்டே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்க. வினிகர் பாட்டிலை வீட்டுல வாங்கி வச்சுட்டுத்தான் மூட்டமே போடணும், இதை முன்னாடியே சொல்லியிருக்கணும்.

இன்னொண்ணும் விட்டுப்போச்சு! மெஷின்ல கட்டுற கட்டுக்கு நைலான் கயிறு வருதுல்ல, அதை அறுத்து எண்ணிப் பையில போடுங்க. வைக்கோலோட உள்ள போனா வயித்துலயே முடிச்சு போட்டுக்கிடும், வெளியே வராது. கட்டு வாங்கும்போது நடுவுல கையை விட்டுப் பாருங்க. சூடாவோ ஈரமாவோ இருந்தா, புழுங்கின வாடை வந்தா வேண்டாம். பனியில நனைஞ்சு கட்டினது மேலாப்புல பொன்னாட்டம் இருக்கும், உள்ள பூஞ்சை பிடிச்சிருக்கும். கடலைப் புண்ணாக்கையும் உடைச்சுப் பாருங்க. உள்ள பச்சையோ மஞ்சளோ பூத்திருந்தா அது ஈரலை அடிக்கிற விஷம். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு மூட்டையைச் சுவரோட ஒட்டாம பலகை மேல அடுக்குங்க.

தாது உப்பு. வைக்கோல்ல உள்ள ஆக்சலேட்ங்கிற பொருள் சுண்ணாம்புச் சத்தைப் பிடிச்சுக்கும், மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) கம்மி. தாது உப்புக் கலவை ஆட்டுக்கு ஒரு நாளைக்கு 5 முதல் 10 கிராம். ஆனா மாட்டுக்குன்னு விக்கிற கலவையை செம்மறிக்கு மாசக்கணக்குல போடாதீங்க. அதுல செம்பு அதிகம். செம்மறிக்கு அது ஈரல்ல சேர்ந்துகிட்டே போய் ஒருநாள் திடீர்னு சாய்க்கும். ஆட்டுக்குன்னு எழுதியிருக்கிறதைக் கேட்டு வாங்குங்க. ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி பக்கத்துல இருக்குறவங்க அங்கேயே விசாரிக்கலாம்.

புண்ணாக்கைத் தினமும் போட்டாகணும்னு இல்ல. ரெண்டு நாள் அளவை ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டாலும் ஆடு சமாளிக்கும், மிஞ்சுற புரதத்துல இருந்து உடம்புக்குள்ளயே உண்டாகுற யூரியாவை உமிழ்நீரோட வயித்துக்கே திருப்பி அனுப்பிடும். யூரியா கலந்த தீனிக்கு மட்டும் இந்தச் சலுகை கிடையாது. தொட்டியில ஆட்டுக்கு ஒரு அடி இடம் விடுங்க, இல்லேன்னா கிடா நாலு பங்கைத் தின்னுட்டு சினை ஆட்டை முட்டித் தள்ளும்.

சினை ஆட்டுக்குக் கடைசி ஆறு வாரம் தனிக் கணக்கு. குட்டி வளர்றதுல பெரும்பங்கு அப்பதான். மேல சொன்னதோட 150 கிராம் உடைச்ச மக்காச்சோளம், காலையில பாதி, சாயங்காலம் பாதி, 10 நாள்ல கொஞ்சம் கொஞ்சமா ஏத்துங்க. ரெட்டைக் குட்டி சுமக்குற ஆட்டை இப்ப பட்டினி போட்டா எந்திரிக்காது.

சரியாப் போகுதான்னு பாக்க புழுக்கையைக் கையில எடுத்துப் பாருங்க, அருவருப்பு வேண்டாம். சின்னதா, காஞ்சு, அழுத்தினா கல்லா இருந்தா புரதம் பத்தலை. மினுமினுன்னு, அழுத்தினா விட்டுக் கொடுத்தா சரி. ஒண்ணோட ஒண்ணு ஒட்டி, புளிச்ச வாடை வந்தா மாவுச்சத்தைக் குறைங்க. கமெண்ட்ல கேக்குறவங்க ஆட்டோட எடை, சினையா இல்லையா, உங்க கடையில புண்ணாக்கு என்ன விலை, மூணும் சேர்த்து எழுதுங்க. வெறும் "ஆடு தேற என்ன பண்ணணும்ணே"ன்னு கேட்டா நான் பதில் எழுத மாட்டேன்.