டெண்டர் யார் கண்ணில் பட வேண்டும்?

நண்பர்களுக்கும் மாணவர்களுக்கும் வணக்கம்.

அரசு வாங்கும் பொருள்களையும் அரசு விடும் வேலைகளையும் மக்கள் பார்க்கும்படி ஒரு இணையதளம் செய்ய வேண்டுமானால் அதை எப்படி வடிவமைப்பது என்று பேசச் சொல்லியிருக்கிறீர்கள். ஸ்லோவாக்கியாவில் 2007-இல் விடப்பட்ட ஒரு டெண்டரிலிருந்து தொடங்குகிறேன்.

அந்த நாட்டின் கட்டுமான அமைச்சகம் ஐரோப்பிய ஒன்றியம் கொடுத்த பணத்தில் ஒரு பெரிய ஒப்பந்தம் விட்டது. ஏறக்குறைய 12 கோடி யூரோ. சட்டப்படி அறிவிப்பு வெளியிட வேண்டும், வெளியிட்டார்கள். அமைச்சகக் கட்டடத்துக்குள்ளே, வெளியாட்கள் சாதாரணமாகப் போக முடியாத ஒரு நடைபாதையில், அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். சில நாள் இருந்தது, பிறகு எடுத்துவிட்டார்கள். ஆளும் கூட்டணியில் இருந்த ஒரு கட்சித் தலைவருக்கு நெருக்கமானவை என்று பத்திரிகைகள் எழுதிய நிறுவனங்களுக்கு ஒப்பந்தம் போனது. விஷயம் வெளியே வந்து நாடே கொதித்தது. பல ஆண்டுகள் வழக்கு நடந்து, முன்னாள் அமைச்சர்கள் இருவர் தண்டிக்கப்பட்டார்கள்.

நாம் கவனிக்க வேண்டியது, அந்த அறிவிப்பு வெளியிடப்பட்டது என்பதைத்தான். ஏட்டில் எல்லாம் சரியாக இருந்தது. அதைப் பார்த்து ‘இது தப்பு’ என்று சொல்லக்கூடிய ஒருவர் கண்ணிலும் அது படவில்லை, அவ்வளவுதான். இணையதளத்திலும் இதே பலகையை மாட்ட முடியும். ரஷ்யாவில் மாட்டினார்கள். அங்கே அரசு டெண்டர்கள் எல்லாம் ஒரே தளத்தில் வந்தன, தேடவும் முடிந்தது. ஆனால் ரஷ்ய எழுத்துகளில் சில, பார்வைக்கு ஆங்கில எழுத்துகளைப் போலவே இருக்கும். சில அதிகாரிகள் டெண்டர் தலைப்பில் அந்த எழுத்துகளை மட்டும் ஆங்கில விசையில் தட்டினார்கள். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. கணினிக்கு அது வேறு சொல். ‘சாலை பழுது’ என்று தேடுகிற ஒப்பந்ததாரருக்கு அந்த டெண்டர் வராது. டெண்டர் எண் முன்கூட்டியே தெரிந்தவர் நேராகப் போய் எடுத்துக்கொள்வார்.

நம் ஊரில் இதற்கு யாரும் சூழ்ச்சி செய்ய வேண்டியதில்லை, பழக்கமே போதும். வானவில் போன்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்பை அப்படியே ஏற்றினால் தேடுபொறிக்கு அது புரியாத குறிகளின் குவியல். எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு எழுத்துக் குறியீட்டைத் தமிழ்நாடு அரசு 2010-லேயே ஏற்று ஆணை போட்டது. இருந்தும், அச்செடுத்து, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, ஸ்கேன் செய்து ஏற்றும் வழக்கம் இன்னும் போகவில்லை. ஸ்கேன் செய்த பக்கம் ஒரு படம். அதில் இருக்கும் விலையைத் தேடவும் முடியாது, கூட்டவும் முடியாது. போதாததற்கு நம்முடைய டெண்டர் தளங்கள் பலவற்றில் தேடும்போது, கோணல்மாணலாகத் தெரியும் எழுத்துகளைத் தட்டச்சு செய்து மனிதர்தான் என்று நிரூபிக்க வேண்டும். பொதுப்பணத்தின் கணக்கைப் பார்க்க ஒரு நிரலை அனுப்பினால் அதைத் தடுப்பதில் யாருக்கு என்ன நன்மை? இதை வடிவமைப்பவர்கள் உட்கார்ந்து யோசிக்க வேண்டும்.

சரி, ஸ்லோவாக்கியா என்ன செய்தது? 2011 ஜனவரி 1 முதல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். அரசு செய்யும் ஒப்பந்தம் மைய இணையப் பதிவேட்டில் ஏறினால்தான் செல்லும். ஏறிய மறுநாள்தான் அது நடைமுறைக்கு வரும். மூன்று மாதத்துக்குள் ஏறவில்லை என்றால் அப்படி ஒரு ஒப்பந்தமே நடக்கவில்லை என்று பொருள். ‘வெளியிட வேண்டும்’ என்று ஆயிரம் சுற்றறிக்கை அனுப்புவதைவிட இந்த ஒரு விதி வலிமையானது. இப்போது ஒப்பந்தத்தை ஏற்றச் சொல்லி அதிகாரியைத் துரத்துகிறவர் யார் தெரியுமா? ஒப்பந்ததாரரே! அவருக்குப் பணம் வர வேண்டுமே. தளம் எவ்வளவு அழகாக இருந்தாலும் இப்படி ஒரு பூட்டு சட்டத்தில் இல்லாவிட்டால் ஆறு மாதத்தில் பாதி காலியாகக் கிடக்கும். கணினி படிக்கும் பிள்ளைகளுக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம். ஆனால் வடிவமைப்பின் முதல் வேலை சட்டப் புத்தகத்தில்தான் இருக்கிறது.

அடுத்து உக்ரைன். எனக்கு மிகவும் பிடித்த உதாரணம், கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன். 2013 நவம்பரில் தொடங்கி 2014 வரை தலைநகர் கீவின் நடுச் சதுக்கத்தில் நடந்த பெரும் போராட்டம் ஊழல் மீதான கோபத்திலும் எழுந்தது. ஆட்சி மாறிய பிறகு சில தன்னார்வலர்கள், அரசு கொள்முதலை முழுக்க இணையத்துக்குக் கொண்டுவரும் வேலையில் இறங்கினார்கள். ஊழலை எதிர்க்கும் உலக அமைப்பான டிரான்ஸ்பரன்சி இன்டர்நேஷனலின் உக்ரைன் கிளை உடன் நின்றது. 2015 பிப்ரவரியில் ‘புரொசோரோ’ என்ற தளம் சோதனையாகத் தொடங்கியது. அந்த ஆண்டு டிசம்பரில் சட்டம் வந்தது. 2016 ஆகஸ்ட் 1 முதல் எல்லா அரசு அமைப்புகளுக்கும் அது கட்டாயம் ஆனது. அரசு இயந்திரம் ஒன்றரை ஆண்டில் இவ்வளவு தூரம் நகர்ந்தது பெரிய விஷயம்.

அதன் அமைப்பைக் கேளுங்கள். தரவுத்தளம் ஒன்றே ஒன்று, அது அரசிடம். ஒப்பந்ததாரர்கள் உள்ளே வரும் வாசல்கள் பல. அவற்றைத் தனியார் சந்தைத் தளங்கள் நடத்துகின்றன. எந்த வாசலில் நுழைந்தாலும் எல்லா டெண்டரும் தெரியும். புதிய ஆட்களைக் கூட்டிவந்தால்தான் வாசல்காரருக்கு வருமானம் என்பதால் சின்ன ஊர் வியாபாரிக்கும் டெண்டர் போட அவர்களே சொல்லிக்கொடுத்தார்கள். மூல நிரல் திறந்தது, யாரும் எடுத்துப் படிக்கலாம்.

ஏலம் மூன்று சுற்று. விலை மேலிருந்து கீழே இறங்கும். ஒருவர் போட்ட விலை மற்றவருக்குத் தெரியும், பெயர் தெரியாது. ஒவ்வொரு சுற்றிலும் அதிக விலை கேட்டவர் முதலில் வாய்ப்பெடுப்பார், குறைந்த விலைக்காரர் கடைசியில். ஏலம் முடிந்ததும் பெயர்களும் திறக்கும், எல்லோரும் போட்ட ஆவணங்களும் திறக்கும். வென்றவருடையது மட்டுமல்ல, தோற்றவர்களுடையதும்.

இந்த இடத்தில்தான் அந்தத் தளத்தின் உயிர் இருக்கிறது என்று நினைக்கிறேன். டெண்டரில் தோற்ற வியாபாரியைவிட நல்ல தணிக்கையாளர் உலகத்தில் கிடையாது. ஒரு மருத்துவக் கருவியின் சந்தை விலை அவருக்குத் தெரியும். வென்ற நிறுவனம் காட்டும் அனுபவச் சான்று உண்மையா என்று தெரியும். ஒரே ஒரு கம்பெனியின் பொருள் மட்டும் பொருந்தும்படி அளவுகளை எழுதியிருந்தால் படித்த உடனே சொல்லிவிடுவார். அவருக்குச் சம்பளம் வேண்டாம், வென்றவரின் காகிதத்தைக் காட்டினால் போதும். 2016 கடைசியில் ‘டொசோரோ’ என்று கூடவே ஒரு கண்காணிப்புத் தளமும் வந்தது. எந்த டெண்டரைப் பற்றியும் அதில் குறை எழுதலாம், வாங்கிய அலுவலகம் அதிலேயே பதில் எழுதலாம். பதில் திருப்தியாக இல்லையென்றால் குடிமக்கள் அமைப்புகள் எடுத்து மேலே அனுப்பின.

அப்படிப்பட்ட நாட்டிலும் ஓட்டை விழுந்தது. 2022 பிப்ரவரியில் போர் வந்ததும் கொள்முதல் விதிகளைத் தளர்த்தினார்கள். போர்க்காலத்தில் அதைக் குறை சொல்ல மாட்டேன். ராணுவத்துக்கான உணவு ஒப்பந்தங்கள் மக்கள் பார்வையிலிருந்து விலகின. 2023 ஜனவரியில் யூரி நிகோலோவ் என்ற பத்திரிகையாளர் ஒரு ஒப்பந்தத்தின் விலைப் பட்டியலை வெளியிட்டார். ஒரு முட்டை 17 ஹிரிவ்னியா, அது உக்ரைன் நாணயம். கீவ் கடைகளில் அப்போது ஏழு ஹிரிவ்னியா அளவில் விற்றது. சில நாளில் பாதுகாப்புத் துணை அமைச்சர் பதவி விலகினார். ஆயுதம் அல்லாத ராணுவக் கொள்முதலின் ஒற்றை விலைகளை வெளியிட வேண்டும் என்று அடுத்த சில வாரங்களில் பாராளுமன்றம் சட்டம் செய்தது.

அந்த ஒப்பந்தத்தின் மொத்தத் தொகை ஆயிரத்து முந்நூறு கோடி ஹிரிவ்னியாவுக்கும் மேல். அந்த எண்ணை மட்டும் வெளியிட்டிருந்தால் யாருக்கு என்ன தெரிந்திருக்கும்? முட்டை 17 என்றபோது கூடை எடுத்துக்கொண்டு சந்தைக்குப் போகும் ஒவ்வொருவரும் நிபுணர் ஆகிவிட்டார்கள். ஆகவே தளம் செய்கிறவர்கள் ஒற்றை விலையையும் அளவையும் தனித்தனிக் கட்டமாக வாங்க வேண்டும், இணைப்புக் கோப்புக்குள் புதைய விடக்கூடாது. ‘ஒரு செட்’, ‘எல்.எஸ்.’ (லம்ப்சம்), ‘இதர செலவு’ என்று முழுத்தொகையாக வரும் வரிகளைத் தளமே தனியாக எடுத்துக் காட்ட வேண்டும். ஒரே பொருளை ஒரு அலுவலகம் நாற்காலி என்றும் இன்னொன்று ஃபர்னிச்சர் என்றும் எழுதினால் விலையை ஒப்பிட முடியாது. அதற்காகத்தான் ஐரோப்பாவில் பொருளுக்கெல்லாம் எட்டு இலக்கக் குறியீடு வைத்திருக்கிறார்கள். உக்ரைனும் அதையே தழுவிக்கொண்டது.

இணையதளமே இல்லாத ஒரு இடத்துக்கும் உங்களை அழைத்துப்போக வேண்டும். ராஜஸ்தானின் அன்றைய பாலி மாவட்டம், கோட் கிரானா என்ற கிராமம். 1994 டிசம்பரில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற தொழிலாளர், விவசாயிகள் அமைப்பு அங்கே ஒரு மக்கள் விசாரணை நடத்தியது. அருணா ராய், நிகில் டே, சங்கர் சிங் ஆகியோர் கட்டியது அது. பஞ்சாயத்து வேலைகளின் பில்களையும் கூலிப் பதிவேட்டையும் ஊர் நடுவில் உட்கார்ந்து உரக்கப் படித்தார்கள். அந்த ஆண்டு தொடங்கிய இப்படிப்பட்ட கூட்டங்களில், வேலைக்கே போகாதவர்கள் தங்கள் பெயரில் கூலி எழுதியிருப்பதைக் கேட்டு எழுந்து நின்று சொன்னார்கள். முடியாத கட்டடம் முடிந்ததாக எழுதியிருப்பதைக் கேட்ட ஊர், அதன் நிலைமையைச் சொன்னது. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பெண்மணிதான் அந்தக் கணக்குக்குச் சரியான தணிக்கையாளர், ஏனென்றால் உண்மை அவருக்குத் தெரியும். காகிதம் மட்டும்தான் அதுவரை அவரிடம் வரவில்லை. 2005-இல் வந்த தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வேர்களில் ஒன்று அந்த ஊர்.

கீவ் வியாபாரியும் கோட் கிரானா கூலிக்காரரும் ஒரே ஆள் என்றுதான் எனக்குப் படுகிறது. இருவருக்கும் உண்மை தெரியும். உங்கள் தளத்தின் ஒவ்வொரு பக்கமும் அவர்களை நினைத்து வரையப்பட வேண்டும். அதிகாரிகள் கூட்டத்தில் திரையில் காட்ட வரைபடங்கள் இருக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அவற்றைப் பார்த்து எழுந்து நின்று ‘இது பொய்’ என்று சொல்ல யாராலும் முடியாது.

நம் மாநிலத்துக்கு வருகிறேன். இந்த விஷயத்தில் நாம் பின்தங்கிய மாநிலம் இல்லை. ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைக்கென்று தமிழ்நாடு 1998-லேயே தனிச் சட்டம் இயற்றியது, 2000-இல் விதிகள் வந்தன. மாவட்ட அளவிலும் மாநில அளவிலும் டெண்டர் இதழ் வெளியிட வேண்டும் என்று அந்தச் சட்டம் ஏற்பாடு செய்தது. இப்போது இணைய வழி டெண்டரும் நடக்கிறது. அறிவிப்பு கிடைக்கும், யாருக்குப் போனது என்பதும் பலவற்றில் கிடைக்கும். அதற்கு அப்புறம் நூல் அறுந்துவிடுகிறது. வேலை உத்தரவு ஒரு இடத்தில், முடிந்த வேலையை அளந்து எழுதும் எம்-புக் ஒரு இடத்தில், திருத்திய மதிப்பீடு வேறொரு கோப்பில், பில் பாஸ் ஆன விவரம் கருவூலத்தில். டெண்டரில் குறைந்த விலை போட்டு வேலையைப் பிடித்து, பிறகு திருத்திய மதிப்பீட்டில் ஏற்றிக்கொள்வது இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரிந்த வழி. முன்பாதியை மட்டும் காட்டும் தளத்தில் அந்த வேலை மிகவும் மலிவாக முடிந்ததுபோலத் தெரியும்.

இதற்கு உலகம் ஒரு வழி கண்டிருக்கிறது. 2014-இல் முதல் பதிப்பு வந்த திறந்த ஒப்பந்தத் தரவுத் தரம், ஒரு கொள்முதலைத் திட்டம், டெண்டர், தேர்வு, ஒப்பந்தம், நிறைவேற்றம் என்று ஐந்து கட்டமாகப் பார்க்கிறது. ஐந்துக்கும் ஒரே எண். எதையாவது மாற்றினால் பழையது அழியாது, மாற்றம் தேதியோடு புதிய பதிவாக மேலே சேரும். கெடுவை எத்தனை முறை நீட்டினார்கள், தொகை எப்போது ஏறியது, கடைசி நாளுக்கு முந்தின இரவில் தகுதி விதியைத் திருத்தினார்களா, எல்லாம் வரிசையாக நிற்கும். என்னைக் கேட்டால் முகப்புப் பக்கத்தைக் கடைசியில் செய்யுங்கள். முதலில் இந்த மாற்றங்களின் பக்கத்தைச் செய்யுங்கள்.

இங்கே இருக்கும் மாணவர்கள் திட்டப்பணியாக இதை எடுக்கப்போவதாகச் சொன்னீர்கள். மாநிலம் முழுவதற்கும் தொடங்காதீர்கள். உங்கள் ஒன்றியத்தில் முடிந்துபோன ஒரே ஒரு பள்ளிக் கட்டட வேலையை எடுங்கள். பத்து ரூபாய் கட்டணம் கட்டி, தகவல் உரிமைச் சட்டத்தில் எஸ்டிமேட், வேலை உத்தரவு, எம்-புக் நகல், பில் நான்கையும் கேளுங்கள். வந்ததை வரி வரியாகத் தட்டச்சு செய்து, ஒரு பக்கத்தில் அடங்கும்படி அச்செடுத்து, கிராம சபை அன்று கொத்தனாரிடமும் தலைமை ஆசிரியரிடமும் படித்துக் காட்டுங்கள். எந்த வரியில் அவர்கள் நிறுத்திக் கேள்வி கேட்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். திரையில் என்னென்ன கட்டங்கள் வேண்டும் என்ற பட்டியலை அதற்குப் பிறகு எழுதுங்கள்.