ஞாயிறு காலை பத்தரை மணி, கையில் காய்கறிப் பை

வணக்கம் நண்பர்களே. ஹூஸ்டன் டவுன்டவுனில், அதாவது நகரின் மையப் பகுதியில், மெயின் ஸ்ட்ரீட்டில் நிற்கிறேன். இன்று ஞாயிற்றுக்கிழமை, மணி காலை பத்தரை. கேமராவை மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றுகிறேன், நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். அதோ அந்தக் கட்டடத்துக்கு 75 மாடி. அதன் காலடியில் அகலமான, சுத்தமான நடைபாதை இருக்கிறது. ஈ காக்கை இல்லை. சிக்னல் மாறுகிறது, 'நடக்கலாம்' என்று விளக்கு எரிகிறது, கடப்பதற்கு ஆள் இல்லை. தெருவின் நடுவே லைட் ரயில் வருகிறது. ஒவ்வொரு பெட்டியிலும் இரண்டு மூன்று தலைகள்தான் தெரிகின்றன.

அமெரிக்காவில் எந்த ஊர் டவுன்டவுன் கலகலப்பாக இருக்கிறது என்று பலர் கேட்டிருந்தீர்கள். இரண்டு ஆண்டுகளாக ஊர் ஊராகப் போய் இதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இன்று மனதில் இருப்பதை முழுவதும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் நான் பார்க்கும் விதத்தைச் சொல்ல வேண்டும். ஒரு டவுன்டவுனை எடைபோடச் செவ்வாய்க்கிழமை மதியம் போகக் கூடாது. அந்த நேரத்தில் எல்லா ஊரும் ஜேஜே என்றுதான் இருக்கும். கழுத்தில் அடையாள அட்டை தொங்க அலுவலகக்காரர்கள் சாப்பாட்டுக்கு வரிசையில் நிற்பார்கள். மாலை ஐந்தரைக்குப் பார்க்கிங் கட்டடங்களிலிருந்து கார்கள் வெளியேறத் தொடங்கும். ஏழு மணிக்குள் அந்தத் தெரு, முகூர்த்தம் முடிந்து கடைசிப் பந்தியும் எழுந்துவிட்ட கல்யாண மண்டபம் போல ஆகிவிடும்.

அதனால் எங்கே போனாலும் ஞாயிறு காலை பத்தரைக்கு ஒரு பெஞ்சில் உட்கார்ந்துவிடுவேன். தேடுவது ஒன்றே ஒன்றுதான்: கையில் காய்கறிப் பையுடன் நடந்து போகிற ஒரு மனிதர். சுற்றுலா வந்தவர் கையில் கேமரா இருக்கும். வேலைக்கு வந்தவர் தோளில் லேப்டாப் இருக்கும். கீரையும் பாலும் வாங்கிக்கொண்டு நடப்பவருக்கு வீடு அந்தத் தெருவில்தான் இருக்க வேண்டும்.

நியூயார்க்கை இந்தப் பேச்சில் சேர்க்கவில்லை. மன்ஹாட்டனில் மட்டும் 16 லட்சம் பேர் குடியிருக்கிறார்கள். அதன் பக்கத்தில் வைத்தால் மற்ற எல்லா ஊரும் தோற்கும், நமக்குக் கற்றுக்கொள்ள எதுவும் மிஞ்சாது.

ஹூஸ்டன் ஏன் இப்படி இருக்கிறது? இந்தக் கண்ணாடிக் கதவின் அருகே வாருங்கள். உள்ளே கீழே இறங்கும் படிக்கட்டு தெரிகிறதா? கதவு பூட்டியிருக்கிறது. இதற்குக் கீழே சுமார் 20 அடி ஆழத்தில் இன்னொரு டவுன்டவுன் இருக்கிறது. 1930களில் ஒன்றிரண்டு கட்டடங்களை இணைக்கத் தோண்டத் தொடங்கிய சுரங்கப்பாதை, இப்போது ஆறு மைலுக்கு மேல் நீண்டு, ஏறத்தாழ 95 பிளாக்குகளை, அதாவது நான்கு புறமும் தெரு சூழ்ந்த கட்டடத் தொகுதிகளை, இணைக்கிறது. உணவுக் கடை, முடிதிருத்தகம், மருந்துக் கடை என்று எல்லாமே அங்கே உண்டு. ஆகஸ்ட் வெயிலில் ஹூஸ்டனில் பத்து நிமிடம் நடந்து பார்த்தவர்கள் அதைக் குறை சொல்ல மாட்டார்கள். நானும் சொல்லவில்லை. ஆனால் மதியம் தெருவுக்கு வரவேண்டிய கூட்டம் கீழே போய்விடுகிறது. கூட்டம் கீழே இருப்பதால் கடைகளும் கீழே போய்விட்டன. கடையில்லாத தெருவில் நடக்க எவருக்கும் காரணம் இல்லை. மாலையிலும் சனி ஞாயிறுகளிலும் சுரங்கத்தை மூடிவிடுகிறார்கள். அப்போது மேலேயும் ஒன்றுமில்லை, கீழேயும் ஒன்றுமில்லை.

இப்போது சான் பிரான்சிஸ்கோவுக்கு வருகிறேன். எனக்குக் கண் திறந்தது அங்கேதான். 2020க்குப் பிறகு அந்த ஊர் செத்துவிட்டது என்று கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போயிருக்கும். முழுப் பொய்யும் அல்ல. 2024இல் அங்கே மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான அலுவலக இடம் காலியாக இருந்தது. நான் ஞாயிறு காலை மான்ட்கோமரி ஸ்ட்ரீட்டில் நின்றேன். வங்கிகளும் பெரிய பெரிய தூண்களும் நிழலும் மட்டுமே இருந்தன. அங்கிருந்து மேற்கே மேட்டில் ஏறினேன். கியர்னி, கிரான்ட், அப்புறம் ஸ்டாக்டன் ஸ்ட்ரீட். மூன்றே பிளாக்.

ஸ்டாக்டனில் கால் வைக்க இடமில்லை. சீனப் பாட்டிமார்கள் முட்டைக்கோஸை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, அடிக்காம்பை விரலால் அழுத்திப் பார்த்து, வேண்டாததைத் திரும்ப வைத்துவிட்டு அடுத்ததை எடுக்கிறார்கள். கடைக்காரர் எதுவும் சொல்வதில்லை. எல்லார் கையிலும் மெல்லிய இளஞ்சிவப்பு பிளாஸ்டிக் பை. ஒரு பாட்டியின் பையிலிருந்து மீன் வால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பையை மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு, இரண்டு கைகளாலும் கம்பியைப் பிடித்தபடி அவர் பஸ்ஸில் ஏறியதை நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் போர்ட்ஸ்மவுத் சதுக்கத்தில் வயதானவர்கள் வட்டம் வட்டமாக உட்கார்ந்து சீட்டும் சீனச் சதுரங்கமும் ஆடுகிறார்கள். அவர்களில் பலருக்கு வீடு என்பது ஒற்றை அறை, சமையலறையும் குளியலறையும் பொது. அந்தச் சதுக்கம்தான் அவர்களுக்குக் கூடம், முற்றம் எல்லாம்.

யோசித்துப் பாருங்கள். அதே நகராட்சி, அதே சட்டம், அதே பெருந்தொற்று. மூன்று பிளாக் இடைவெளியில் ஒன்று வெறிச்சோடிக் கிடக்கிறது, இன்னொன்றில் தோளோடு தோள் உரசுகிறது. ஸ்டாக்டன் இருக்கும் சீனர் பகுதியான சைனாடவுன் 1906 நிலநடுக்கத்தில் எரிந்து சாம்பலானது. அங்கிருந்த சீனர்களை ஊரின் ஓரத்துக்குத் தள்ளிவிட அப்போது முயற்சி நடந்தது. அவர்கள் நகர மறுத்து அதே இடத்தில் மீண்டும் கட்டினார்கள். அன்று அவர்கள் விட்டுக்கொடுத்திருந்தால் ஸ்டாக்டனும் இன்று மான்ட்கோமரி போலத்தான் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

எனக்கு மிகவும் பிடித்த டவுன்டவுன் எது என்று கேட்டால் தயங்காமல் பிலடெல்பியா என்பேன். அங்கே அதை சென்டர் சிட்டி என்கிறார்கள். ஊரை நிறுவிய வில்லியம் பென் 1682இல் அதைத் திட்டமிட்டபோதே நடுவில் ஒன்றும் நான்கு மூலைகளில் நான்குமாக ஐந்து சதுக்கங்களை ஒதுக்கிவைத்தார். தென்மேற்கு மூலையில் இருப்பது ரிட்டன்ஹவுஸ் சதுக்கம். அதற்குள் வெண்கலத்தில் ஒரு சிறிய வெள்ளாட்டுச் சிலை இருக்கிறது. உடம்பு கருத்துப்போயிருக்கிறது. ஆனால் கொம்பும் முதுகும் மட்டும் பொன் போல மின்னுகின்றன. குழந்தைகள் ஏறி ஏறி, பிடித்துப் பிடித்துத் தேய்ந்த மெருகு அது. நான் உட்கார்ந்திருந்த அரை மணி நேரத்தில் அந்த ஆட்டின் முதுகு ஐந்து நிமிடம்கூடக் காலியாக இல்லை. ஒரு குழந்தை இறங்குவதற்குள் அடுத்த குழந்தை கொம்பைப் பிடித்துவிடும்.

இந்தக் குழந்தைகள் காரில் வந்தவர்கள் அல்லர். சதுக்கத்திலிருந்து எந்தப் பக்கம் இரண்டு நிமிடம் நடந்தாலும் ஒன்றோடொன்று ஒட்டிய செங்கல் வீடுகள் வரிசையாக நிற்கின்றன. வாசலில் மூன்று படி, படியோரத்தில் பூந்தொட்டி. வேறு பல ஊர்கள் நெடுஞ்சாலைக்கும் பார்க்கிங்குக்கும் இப்படிப்பட்ட வீடுகளை இடித்துத் தள்ளியபோது, இங்கே நிறைய வீடுகள் தப்பித்துவிட்டன. 1997இல் நகராட்சி இன்னொன்றும் செய்தது: பழைய கட்டடத்தைக் குடியிருப்பாக மாற்றினால், மாற்றியதால் கூடும் மதிப்புக்குப் பத்து ஆண்டு சொத்து வரி கிடையாது என்றது. காலியாகக் கிடந்த பழைய அலுவலகங்களும் கிடங்குகளும் வீடுகளாயின. வரிச் சலுகை பணக்காரர்களுக்கே போனது என்ற கோபம் அந்த ஊரில் இருக்கிறது, அதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் தெருவில் விளக்கு எரிகிறது.

ரெடிங் டெர்மினல் மார்க்கெட்டைச் சொல்லாமல் விட மனமில்லை. ரயில் நிலையத்துக்கு அடியில் 1893இல் தொடங்கிய சந்தை அது. 1984இல் ரயில் நின்றுபோனது, சந்தை நிற்கவில்லை. பழைய கிராமத்து வாழ்க்கையை விடாத கிறித்தவப் பிரிவினரான ஆமிஷ் மக்களின் கடைகளுக்கு மட்டும் ஞாயிறு விடுமுறை. மற்றபடி உள்ளே வெண்ணெயும் வறுத்த இறைச்சியும் மணக்கும். வெளியே வருகிறவர்களின் துணிப்பையில் வெங்காயத்தாள் தலைநீட்டும். நான் தேடுகிற பை!

லாஸ் ஏஞ்சலஸ் 1999இல் இதே போன்ற ஒரு காரியத்தைச் செய்தது. 1974க்கு முந்தைய கட்டடங்களை வீடாக மாற்றினால் புதிதாகப் பார்க்கிங் கட்டத் தேவையில்லை என்று விதியைத் தளர்த்தினார்கள். பழைய வங்கிகளில் மனிதர்கள் குடியேறினார்கள். 1917இல் திறந்த கிராண்ட் சென்ட்ரல் மார்க்கெட்டில் இன்றும் கூட்டம் நெரிகிறது. ஆனால் அங்கிருந்து சில தெருக்கள் தள்ளி நடந்தால் ஸ்கிட் ரோ. நடைபாதை நெடுக கூடாரங்கள், அவற்றில் வாழ்க்கை நடத்தும் ஆயிரக்கணக்கானவர்கள். அந்த இடத்தில் கேமராவை அணைத்துவிட்டேன்.

தெருவின் அளவும் முக்கியம் என்பதை இரண்டு ஊர்களில் கால் வலிக்க வலிக்கத் தெரிந்துகொண்டேன். சால்ட் லேக் சிட்டியில் ஒரு பிளாக் 660 அடி நீளம், தெரு 132 அடி அகலம். தெருவைக் கடக்க ஆரஞ்சு நிறக் கொடிகளைத் தெருவோரக் கம்பத்தில் செருகி வைத்திருக்கிறார்கள். ஒன்றை எடுத்து ஆட்டிக்கொண்டே நடந்து, எதிர்ப்புறம் செருகிவிட வேண்டும். மனிதன் கொடி பிடித்துக் கடக்க வேண்டிய அகலம் அது. போர்ட்லேண்டில் ஒரு பிளாக் 200 அடிதான். சால்ட் லேக்கில் ஒரு மூலை வரும் தூரத்தில் போர்ட்லேண்டில் மூன்று மூலை வந்துவிடும். ஒவ்வொரு மூலையிலும் ஒரு கடை, ஒரு திருப்பம், எதிரே வரும் ஒரு முகம். 2020க்குப் பிறகு போர்ட்லேண்டும் பலமாக அடிவாங்கியது, பலகை அடித்து மூடிய கடைகளை நானே பார்த்தேன். இருந்தாலும் பயனியர் கோர்ட்ஹவுஸ் சதுக்கத்தின் படிகளில் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். அந்த இடம் முன்பு பார்க்கிங் கட்டடமாக இருந்தது. அதை எடுத்துவிட்டு 1984இல் சதுக்கமாகத் திறந்தார்கள். தரையில் பதித்த செங்கற்களில் பணம் கொடுத்த ஊர்க்காரர்களின் பெயர்கள் இருக்கின்றன. குனிந்து பெயர் தேடுகிறவர்களை இன்றும் பார்க்கலாம்.

சிகாகோவுக்குத் தனி வீடியோவே வேண்டும். ஒன்று மட்டும் சொல்கிறேன். 1897இலிருந்து லூப் எனப்படும் டவுன்டவுன் பகுதியைச் சுற்றிவரும் அந்த மேல்நிலை ரயில் தலைக்கு மேலே தடதடக்கும் சத்தம் இருக்கிறதே, ஞாயிற்றுக்கிழமையிலும் அது தெருவுக்குத் துணையாக இருக்கிறது.

சரி, பேசிக்கொண்டே கிழக்கே பத்து நிமிடம் நடந்து வந்துவிட்டேன். இதுவும் ஹூஸ்டன் டவுன்டவுன்தான். எதிரே டிஸ்கவரி கிரீன் பூங்கா, 12 ஏக்கர், 2008இல் திறந்தார்கள். அதற்கு முன் இதில் பெரும்பகுதி கார் நிறுத்தும் வெறும் இடம். அடுத்த ஆண்டே பூங்காவைப் பார்த்தபடி உயரமான குடியிருப்பு ஒன்று வந்தது. அதன் அடியில் மளிகைக் கடை. சத்தம் கேட்கிறதா? தண்ணீரில் குழந்தைகள் கத்துகிறார்கள். நாய்கள் இரண்டு, இல்லை, மூன்று.

கொஞ்சம் பொறுங்கள். சாலையைக் கடந்து ஓர் அம்மா வருகிறார். முகம் தெரியாதபடி கேமராவைத் தாழ்த்திக்கொள்கிறேன். கையைப் பாருங்கள். பை. மேலே கொத்தமல்லி தெரிகிறது.

உங்கள் ஊரில் வரும் ஞாயிறு பத்தரைக்குப் போய் உட்கார்ந்து பாருங்கள். பை கண்ணில் பட்டால் எந்தத் தெரு என்று எனக்கு எழுதுங்கள். நான் அந்தக் கடைக்குள் போகிறேன், வீட்டுக்குத் தக்காளி வாங்க வேண்டும்.