சர்க்கரை நோயுள்ள பூனைக்குப் பசி அடங்காதது ஏன்?

ஒரு நேயரின் கேள்வியை அப்படியே படிக்கிறேன். "எங்கள் பூனைக்கு 11 வயது. சர்க்கரை நோய் என்று தெரிந்து ஒரு மாதமாகக் காலையும் மாலையும் இன்சுலின் ஊசி போடுகிறோம். சாப்பிட்டு அரை மணி நேரம்கூட ஆகாது, காலிக் கிண்ணத்தை மூக்கால் தள்ளிக்கொண்டே வந்து கத்துகிறது. கேட்கும்போதெல்லாம் கொடுக்கலாமா? இல்லை, பட்டினி போட்டால்தான் சர்க்கரை இறங்குமா?"

பட்டினி மட்டும் போடாதீர்கள். பூனை இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தாலே உடம்பில் உள்ள கொழுப்பு கரைந்து கல்லீரலில் போய்ப் படியத் தொடங்கும். குண்டான பூனைக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். சர்க்கரையைக் குறைக்கப் போய்க் கல்லீரலைக் கெடுத்துக்கொண்ட கதை ஆகிவிடும்.

அது ஏன் கத்துகிறது என்று பாருங்கள். தின்ற உணவு குளுக்கோஸாக மாறி இரத்தத்தில் சுற்றுகிறது. ஆனால் இன்சுலின் போதாததால் தசைக்குள்ளும் மற்ற திசுக்களுக்குள்ளும் அது சரியாகப் போய்ச் சேருவதில்லை. இரத்தத்தில் அளவு 250, 300 என்று தாண்டும்போது சிறுநீரகத்தாலும் பிடித்துவைக்க முடியாமல் சிறுநீரில் வெளியேறுகிறது, கூடவே தண்ணீரையும் இழுத்துக்கொண்டு. அதனால்தான் மணல் தட்டு எப்போதும் நனைந்து கிடக்கிறது, தண்ணீர்க் கிண்ணமும் சீக்கிரம் காலியாகிறது. வயிறு நிறைந்திருக்கிறது, உடம்புக்கு மட்டும் எதுவும் வந்து சேரவில்லை. ஆகவே அந்தக் கத்தல் நடிப்பு இல்லை. பூனைகளுக்கு நடிக்கவும் தெரியும், நன்றாகவே தெரியும், அது வேறு விஷயம்.

நிஜப் பசியா, பழக்கமா என்று அதன் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. எடை போட்டுப் பார்க்க வேண்டும். வாரம் ஒரு முறை, ஒரே நேரத்தில், கிராம் கணக்கு காட்டும் எடைக்கருவியில் எடை பார்த்து எழுதி வையுங்கள். இந்த நோயில் பசியை எடையோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

நிறையத் தின்றும் எடை குறைகிறது என்றால், பெரும்பாலும் இன்சுலின் போதவில்லை அல்லது வேலை செய்யவில்லை. மருந்து உறைந்துபோனதா, வெயிலில் கிடந்ததா, காலாவதி ஆனதா என்று பாருங்கள். சிரிஞ்சையும் பாருங்கள். இன்சுலின் குப்பியில் ஒரு மில்லிலிட்டருக்கு 40 யூனிட் என்றும் 100 யூனிட் என்றும் இரண்டு வகை உண்டு. 40 யூனிட் மருந்தை 100 யூனிட் சிரிஞ்சில் 2 என்ற கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 0.8 யூனிட்தான். பூனைக்குப் பசி எப்படி அடங்கும்? மாற்றிச் செய்தால் இரண்டரை மடங்கு போய்விடும், அது உயிருக்கே ஆபத்து. இவையெல்லாம் சரியாக இருந்தும் இளைக்கிறது என்றால், இந்த வயதில் தைராய்டு சுரப்பு அதிகமாகியிருக்கவும் வாய்ப்பு உண்டு. அதற்கு இரத்தப் பரிசோதனை போதும்.

இதற்கு நேர்மாறாக, சர்க்கரை கட்டுக்குள் வரவில்லை, இன்சுலின் அளவும் ஏறிக்கொண்டே போகிறது, ஆனால் எடை கூடுகிறது என்றால் நான் உஷாராகிவிடுவேன். மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியில் ஒரு கட்டி வந்து வளர்ச்சி ஹார்மோனை அதிகமாகச் சுரக்கலாம். அக்ரோமெகலி என்று பெயர். கட்டுக்கு வராத பூனைகளில் இதைத் தேடிப் பார்க்காமல் விடக் கூடாது.

எடை நிலையாக இருக்கிறது, சர்க்கரையும் நன்றாக இருக்கிறது, ஆனாலும் கத்துகிறது என்றால்தான் பழக்கம் என்று சொல்லலாம். உங்களுக்கு ஒரு மாதம்தான் ஆகிறது. சரியான அளவைக் கண்டுபிடிக்கவே சில வாரங்கள், சில சமயம் மாதங்கள் பிடிக்கும். எனக்கு முதல் சந்தேகம் இன்சுலின் அளவு மேல்தான்.

இனி கிண்ணத்துக்குள் என்ன என்று பார்ப்போம். பூனை முழுக்க முழுக்க இறைச்சி தின்னும் பிராணி. அதன் உடம்புக்கு மாவுச்சத்தைக் கையாளும் திறன் குறைவு. மொத்தக் கலோரியில் மாவுச்சத்து சுமார் 12 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. டப்பாவில் அந்த எண் பெரும்பாலும் இருக்காது, நாமே கணக்குப் போட வேண்டும். புரதம், கொழுப்பு, நார்ச்சத்து, சாம்பல் (தாது உப்புகளை டப்பாவில் இப்படித்தான் எழுதுவார்கள்), ஈரப்பதம் எல்லாவற்றின் சதவீதத்தையும் கூட்டி நூறிலிருந்து கழியுங்கள். மீதி மாவுச்சத்து. உதாரணமாக ஓர் ஈர உணவில் 11, 5, 1, 2, 78 என்று இருந்தால் மீதி 3. ஒரு கிராமுக்கு எத்தனை கலோரி என்ற கணக்கில் புரதத்தையும் மாவுச்சத்தையும் 3.5 ஆலும், கொழுப்பை 8.5 ஆலும் பெருக்கினால் மொத்தம் 91.5 கலோரி. அதில் மாவுச்சத்தின் பங்கு 10.5, அதாவது பதினொன்றரை சதவீதம். எடுத்துக்கொள்ளலாம். உலர் உணவில் இதே கணக்கைப் போட்டால் 30 சதவீதத்தைத் தாண்டுவது சகஜம், ஏனென்றால் அந்த உருண்டைகள் உருவம் பெறவே மாவு தேவைப்படுகிறது. ஈர உணவில் தண்ணீர் அதிகம் என்பதால் அதே கலோரிக்குக் கிண்ணமும் நிறையத் தெரியும், வயிறும் நிறையும்.

இங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள். வீடியோ பார்த்துவிட்டு நாளைக்கே உலர் உணவை நிறுத்திவிடாதீர்கள். மாவுச்சத்து குறைந்தால் இன்சுலின் தேவையும் குறையும், சில பூனைகளுக்குச் சில நாட்களிலேயே. பழைய உணவுக்குப் போட்ட அதே அளவை புதிய உணவுக்கும் போட்டால் சர்க்கரை அதலபாதாளத்துக்கு இறங்கிவிடும். மருத்துவரிடம் சொல்லிவிட்டு, வீட்டில் குளுக்கோமீட்டரில் சோதித்துக்கொண்டே, படிப்படியாக மாற்றுங்கள். சிறுநீரகக் கோளாறும் சேர்ந்திருந்தால் எந்த உணவு என்பதை அவரே முடிவு செய்யட்டும். வெறும் கோழி இறைச்சியை வேகவைத்துத் தினமும் போடுவதும் வேண்டாம், அதில் கால்சியம் இருக்காது. கொஞ்சம் தின்பண்டமாகக் கொடுத்தால் போதும்.

அளவு என்று கேட்டால், 4 கிலோ பூனைக்கு நாளொன்றுக்குச் சுமார் 200 கலோரியில் தொடங்கலாம். இளைத்துப்போன பூனைக்குக் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். குண்டுப் பூனை என்றால் வாரத்துக்கு அதன் எடையில் அரை முதல் ஒரு சதவீதம் வரை குறையலாம், அதற்கு மேல் வேண்டாம். இந்த அளவைக் காலையிலேயே எடை போட்டு எடுத்து வைத்துவிடுங்கள். ஊசி நேரத்தில் இரண்டு பெரிய பங்கு, நடுவில் இரண்டு மூன்று சின்னப் பங்கு. மாவுச்சத்து குறைந்த உணவு என்றால் இடையில் தின்பதால் சர்க்கரை பெரிதாக ஏறிவிடாது. இரவுப் பங்கைத் தானியங்கிக் கிண்ணத்தில் வைத்துவிட்டால், கத்தினால் நீங்கள் எழுந்து வருவீர்கள் என்று அது கற்றுக்கொள்ளாது. ஊசிக்கு முன் உணவை வைத்து, தின்கிறதா என்று பாருங்கள். தொடவே இல்லை என்றால் முழு அளவு போடாமல் மருத்துவரைக் கேளுங்கள். சாப்பிடாமல், வாந்தியும் எடுத்து, சோர்ந்து படுத்திருந்தால் அன்றே ஆஸ்பத்திரி.

கடைசியாக இன்னொரு பசி இருக்கிறது. ஊசி போட்டுச் சில மணி நேரம் கழித்து, வழக்கமில்லாத வேளையில் திடீரென்று வெறிபிடித்ததுபோல் உணவு தேடுகிறது, நடை தள்ளாடுகிறது, கண் எங்கோ வெறிக்கிறது என்றால் சர்க்கரை 60-க்குக் கீழே போயிருக்கலாம். அப்போது அளவெல்லாம் பார்க்காமல் உடனே சாப்பாடு கொடுங்கள். விழுங்க முடியாத நிலையில் இருந்தால் தேனையோ சர்க்கரைப் பாகையோ விரலில் தொட்டு ஈறில் தடவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். வாய்க்குள் ஊற்றினால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். வழியிலேயே தெளிந்து எழுந்து உட்கார்ந்தாலும் திரும்பிவிடாதீர்கள், உள்ளே போன இன்சுலின் இன்னும் வேலை செய்துகொண்டுதான் இருக்கும். அடுத்த ஊசி எவ்வளவு என்பதையும் மருத்துவரிடமே கேட்டுக்கொண்டு வாருங்கள்.