தனக்குத்தானே பேசும் குழந்தை: பியாஜே சொல்வது சரியா, வைகாட்ஸ்கி சொல்வதா?

அடுத்த கேள்வி, டெட் எனப்படும் ஆசிரியர் தகுதித் தேர்வுக்குப் படிக்கும் ஒரு சகோதரி அனுப்பியது. "சார், என் மகளுக்கு நாலரை வயது. சொப்பு வைத்து விளையாடும்போது, 'அரிசி போட்டாச்சு, இப்ப மூடி வைக்கணும், சுடும், தொடக்கூடாது' என்று தனியாகப் பேசிக்கொண்டே இருக்கிறாள். பியாஜே இதைத் தன்மையப் பேச்சு என்கிறார். வைகாட்ஸ்கி வேறு மாதிரி சொல்கிறார். எது சரி? பரீட்சையில் எதை எழுதுவது?"

முதலில் பியாஜே, சுவிட்சர்லாந்து உளவியலாளர். ஜெனீவாவில் ஆறு வயதுப் பையன்கள் இருவர் பள்ளியில் பேசியதையெல்லாம் எழுதிவைத்துப் பார்த்தார். பாதிக்குக் கொஞ்சம் குறைவான பேச்சு, யாரும் கேட்க வேண்டும் என்று பேசியதாகவே இல்லை. இதைத்தான் தன்மையப் பேச்சு என்றார். அடுத்தவர் பக்கமிருந்து பார்க்க அந்த வயதில் வராது, அதனால்தான் இப்படி, வளர வளரத் தானாக மறைந்துவிடும் என்றார். இதை அவர் எழுதிய புத்தகம் 1923-ல் வந்தது.

வைகாட்ஸ்கிக்கு இது ஒப்பவில்லை. இவர் சோவியத் நாட்டு உளவியலாளர். இருவரும் பிறந்தது ஒரே வருடம், 1896. சும்மா பேசுகிற பேச்சு என்றால் வேலை சிக்கலாகும்போது ஏன் கூடுகிறது என்று கேட்டார். குழந்தைகள் படம் வரையப் போகும் நேரத்தில், வேண்டிய பென்சிலோ தாளோ கிடைக்காதபடி செய்து பார்த்தார்கள். தனிப்பேச்சு ஏறக்குறைய இரண்டு மடங்கானது. ஐந்தரை வயதுக் குழந்தை ஒன்று டிராம் வண்டி வரைந்துகொண்டிருந்தது. பென்சில் முனை உடைந்தது. அழுத்திப் பார்த்தது, தாளில் பள்ளம்தான் விழுந்தது. "உடைஞ்சுபோச்சு" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, வாட்டர் கலரை எடுத்து, விபத்தில் உடைந்துபோன டிராமை வரைய ஆரம்பித்துவிட்டது! வாயில் வந்த சொல் படத்தையே மாற்றிவிட்டது பாருங்கள். இந்தப் பேச்சு மறைவதில்லை, உள்ளே போய் உட்பேச்சாகிறது, அதாவது வாய்விடாமல் மனதுக்குள் பேசுவதாகிறது என்பது அவர் வாதம். நானே கேஸ் ரெகுலேட்டர் மாட்டும்போது முணுமுணுக்கிற ஆள்தான்.

வைகாட்ஸ்கி 1934-ல் காசநோயில் இறந்தபோது வயது 37. அவர் புத்தகம் ஆங்கிலத்தில் வந்தது 1962-ல். அப்போதுதான் பியாஜே பதில் எழுதினார். உட்பேச்சு இதிலிருந்துதான் தொடங்குகிறது என்பதை ஒப்புக்கொண்டார், ஆனால் தன்மைய நோக்கு, அதாவது குழந்தை எல்லாவற்றையும் தன் பக்கமிருந்தே பார்க்கிறது என்ற கருத்தை விடவில்லை.

சரி, பரீட்சைக்கு வருவோம். 'தன்மையப் பேச்சு', 'மனச்செயல்பாட்டுக்கு முந்தைய நிலை' (பியாஜே பிரித்த வளர்ச்சி நிலைகளில் ஒன்று), '2 முதல் 7 வயது' என்று கேள்வியில் இருந்தால் பியாஜே. 'தன்னை வழிநடத்தும் பேச்சு', 'உட்பேச்சு' என்றால் வைகாட்ஸ்கி. இரண்டும் கலந்து வந்தால், யார் கருத்துப்படி என்று கேட்டிருக்கிறார்கள் எனப் பார்த்துவிட்டு டிக் பண்ணுங்கள்.

உங்கள் மகள் விஷயத்தில் என் ஓட்டு வைகாட்ஸ்கிக்கு. 'சுடும், தொடக்கூடாது' என்பது யாருடைய வசனம்? அடுப்படியில் நீங்கள் அவளிடம் சொன்னதுதானே? அதையே இப்போது அவள் தனக்குச் சொல்லிக்கொள்கிறாள். 'வாயை மூடிக்கொண்டு விளையாடு' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.