கோரை அதே கோரைதான்

நேயர்களுக்கு வணக்கம்.

எங்கள் வீட்டுப் பரணில் ஒரு பாய் சுருட்டி வைத்திருக்கிறது. என் கல்யாணத்துக்கு மாமனார் பத்தமடையில் சொல்லி நெய்து வாங்கியது. என் பெயரும் என் மனைவி பெயரும் நெசவிலேயே வந்திருக்கும். சித்திரை வெயிலில் அதை விரித்துப் படுத்தால் முதுகுக்கு அவ்வளவு குளுமை.

பத்தமடை, திருநெல்வேலி மாவட்டத்தில் சேரன்மகாதேவிக்குப் பக்கத்து ஊர். லெப்பைமார் என்கிற தமிழ் முஸ்லிம் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே பாய் நெய்கிறார்கள். கோரையைப் பச்சையாக அறுத்து, கீறி, வெயிலில் காயவைத்து, பிறகு ஓடுகிற தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போடுவார்கள். அது ஊறிப் பருத்த பிறகு மறுபடியும் கீறுவார்கள். எல்லாமே கைக்கணக்குதான். நயம் பாய்க்குக் கோரை தலைமுடி மாதிரி மெலிந்து வரவேண்டும். அப்புறம் சாயம். அந்தக் காலத்தில் சிவப்புக்குப் பதிமுகக் கட்டையை வேகவைத்துச் சாறு இறக்குவார்களாம். பாவு, அதாவது நெடுக்கே ஓடும் நூல், நூறுக்கு மேல் ஓட்டி நெய்தால் அது பட்டுப் பாய். துணி போல மடிக்கலாம். ஒரு பாய் முடிய மாதக்கணக்காகும். 1953ல் இங்கிலாந்து ராணி எலிசபெத்தின் முடிசூட்டுக்கு இங்கிருந்து பாய் போனதை ஊரில் இன்றும் பெருமையாகச் சொல்வார்கள்.

அப்படிப்பட்ட ஊருக்குள் பிளாஸ்டிக் பாய் வந்தது. விலை குறைவு, கழுவிக் காயப்போடலாம், தண்ணீர் பட்டாலும் கெடாது. அதோடு வீட்டுக்கு வீடு கட்டிலும் மெத்தையும் வந்துவிட்டன. கல்யாணச் சீரில் பாய் இருந்த இடத்தில் பீரோ வந்து நின்றது. நெய்த கைகளில் பல, பீடி சுற்றப் போயின.

மிச்சம் இருந்தவர்கள் என்ன செய்தார்கள்? சிலர் விசைத்தறி போட்டார்கள். கொஞ்சம் தடித்த கோரை, சாதாரணப் பாய், சீக்கிரம் முடியும், சீக்கிரம் விற்கும். கைநெசவு கெட்டுப்போயிற்றே என்று இதற்கு வருத்தப்படுகிறவர்கள் உண்டு. எனக்கு அந்த வருத்தம் இல்லை. வீட்டில் அடுப்பு எரிந்தால்தான் தொழிலை நினைக்கவே முடியும்.

ஆனால் என் மனசு நிற்பது இன்னொரு மாற்றத்தில். கைநெசவை விடாத பெண்கள், பாயையே சின்னதாக்கிவிட்டார்கள். தோள்பை, பர்ஸ், சாப்பாட்டு மேஜை விரிப்பு, ஃபைல் உறை. ஆறடிப் பட்டுப் பாய்க்கு உரிய விலையைக் கொடுக்க இன்று எத்தனை பேர் இருக்கிறார்கள்? அதே நயத்தை ஒரு சாண் அகலத்தில் கொடுத்தால் நம்மைப் போன்றவர்களும் வாங்க முடிகிறது. நெய்கிற பொருள் மாறியது. கோரை கீறுகிற விரலின் பழக்கம் மாறவில்லை. அந்தப் பழக்கம் ஒரு தலைமுறைக்கு விட்டுப்போனால் எந்தப் பயிற்சி வகுப்பாலும் அதைத் திருப்பிக் கொண்டுவர முடியாது என்பதுதான் என் பயம்.

2013ல் பத்தமடைப் பாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. நல்ல காரியம். பெயருக்குக் காவல் கிடைத்துவிட்டது. சரி, கூலிக்கு? நாள் முழுக்கக் குனிந்து நெய்கிற பெண்ணுக்கு வேறு வேலையில் கிடைப்பதையாவது கொடுத்தால்தான் அவள் மகள் பாவு முன்னால் உட்காருவாள். அம்பாசமுத்திரம் பஸ்ஸில் போகிறவர்கள் பத்தமடையில் ஒருமுறை இறங்குங்கள். நெய்கிறவர்களிடமே நேராக வாங்குங்கள். பேரம் மட்டும் வேண்டாம்.

வருகிற தை மாதம் என் மகளுக்குக் கல்யாணம். பாய்க்குச் சொல்லலாமா என்று கேட்டேன். "பாய் வேண்டாம்ப்பா, வர்றவங்களுக்கெல்லாம் கோரையிலயே தாம்பூலப் பை கொடுப்போம்" என்றாள். போன வாரம் பத்தமடைக்குப் போய், நெய்கிற ஒரு அம்மாவிடம் சொல்லிவிட்டு வந்தேன். மாப்பிள்ளை, பெண் பெயரை எழுதிக் கொடுத்தேன். அந்த அம்மா காகிதத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"பையில எழுத்து சின்னதாத்தான் வரும் அண்ணாச்சி, பரவாயில்லையா?"